வாசலில் கேட்கக் கூடாத கேள்வி

மேடையின் இடப்பக்கத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். கையில் ஒரு செம்புத் தண்ணீர். சற்று நேரத்தில் மேடையில் தேவைப்படப்போகும் செம்பு அது. பதற்றத்தில் பாதித் தண்ணீரை நானே குடித்து முடித்திருந்தேன்.

மேடையில் ஒரு வீட்டு வாசல். வாசல் என்று பெயர்தான். ஒரு மரச்சட்டம், ஒரு கால்மிதி, ஓரமாக ஒதுக்கிவிட்ட செருப்புகள், ஒரு கதிரை. மகனாக நடித்த ஜெரோம் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அம்மாவாக நடித்த சித்ராணி அவன் முதுகைப் பார்த்தபடி நின்றாள். சாம்பல் நிற நூல் சேலை, நெற்றியில் திருநீறு, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். வெள்ளவத்தை மண்டபம் நிறைந்திருந்தது. மின்விசிறிச் சத்தத்தையும் மீறி யாரோ கடலைச் சுருள் பிரிக்கும் சத்தம் கேட்டது. முன்வரிசையின் நடுவில் மண்டப நிர்வாகக் குழுத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். மூன்றாம் வரிசை ஓரத்தில், மடியில் கைப்பையோடு என் அம்மா.

மகன் வெளியே போகப் போகிறான். அம்மா அவனிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். எங்கள் ஆட்கள் வாசலில் வைத்துக் கேட்கவே கூடாது என்று வைத்திருக்கும் கேள்வி. கேட்கப் போகிறவளோ கடவத்தையில் பிறந்து வளர்ந்த சிங்களப் பெண். சனம் சிரித்தால் அவளும் போச்சு, நானும் போச்சு.

கதையை நடுவில் தொடங்கிவிட்டேன். வழக்கம்போல ஒரு சுற்றுச் சுற்றித்தான் அந்த வாசலுக்குத் திரும்பி வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருத்தரங்குப் பேச்சா?

இந்தத் தொடரைப் படிக்கும் ஓர் அன்பர் தொலைபேசியில் பிடித்து என்னை நன்றாகவே வாங்கினார். நாடகம் போட்டால் ஒரு இனத்தின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளலாம் என்று நான் போகிற போக்கில் எழுதியிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அது கருத்தரங்குகளில் தேத்தண்ணி குடிக்க முன் பேசுகிற பேச்சு என்றார். ஒரு உதாரணமாவது காட்டுங்கள் பார்ப்போம் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. உதாரணம் கேட்டதால் அல்ல, ஒன்று போதும் என்று நினைத்ததால். இருந்தாலும் ஒன்றே சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் சிங்களவரும் தமிழரும் கலந்த ஒரு சிறு குழுவாக நாங்கள் ஒரு நாடகம் செய்தோம். எழுதியது நான். யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் வாழும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் கதை. நடிப்பையும் ஒத்திகையையும் நானும் சித்ராணியும் பார்த்துக்கொண்டோம். அவள் சிங்கள மேடையில் பல காலம் பழகியவள். என்னைவிட நாலைந்து வயது குறைவு. என்னிடம் தமிழ் படிக்க வந்து, படித்து முடிந்த பிறகும் போகாமல் நின்றவள்.

அம்மா பாத்திரத்துக்கு முதலில் ஒப்புக்கொண்டவர் ஒரு வெள்ளவத்தைத் தமிழ்ப் பெண்மணிதான். ஒத்திகை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவுக்குப் பறந்துவிட்டார். எங்கள் ஊர் நாடகங்களின் பெரிய எதிரி கனடாவில் பிறக்கும் பிள்ளைகள்தான் என்று ஜெரோம் சொன்னான்.

அப்போதுதான் சித்ராணி, "அந்த அம்மாவ நான் செய்யட்டுமா அக்கா?" என்று கேட்டாள்.

ரூபாய்க் குற்றிப் பொட்டு

நான் உடனே தலையாட்டவில்லை. அவளுக்கும் அது தெரியும். ஏன் வேண்டும் என்று கேட்டேன். அவள் பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் சொன்ன கதை இது.

இளம் வயதில் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு நகைச்சுவை நாடகம். அதில் அவளுக்குத் தமிழ்ப் பெண் வேடம். ரூபாய்க் குற்றி அளவு பொட்டு, முழங்கைவரை வளையல், உடைந்த சிங்களம். அவள் வாயைத் திறந்தாலே மண்டபம் விழுந்து விழுந்து சிரிக்குமாம். ஊர் ஊராகப் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் குழுவில் உடுப்பு மடித்துக் கொடுக்கும் பெண் ஒரு தமிழ்ப் பெண். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அந்தப் பொட்டைச் சித்ராணியின் நெற்றியில் ஒட்டிவிடுவது அவள்தான். சரிந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்ப்பாளாம். ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லையாம்.

"அவ ஏதும் சொல்லியிருந்தா பரவாயில்ல, அக்கா. அவ பொட்ட நேரா வச்சி விட்டா."

இந்த முறை ஒரு தமிழ் அம்மாவாக மேடையில் நிற்க வேண்டும், தமிழர் மத்தியில் நிற்க வேண்டும், ஒருவரும் சிரிக்கக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அவ்வளவு என்று எழுதிவிட்டேன், அது எவ்வளவு பெரிய ஆசை என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

மண்டபம் கேட்டுப் போனபோது நிர்வாகக் குழுத் தலைவர் ஆளைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏன், வெள்ளவத்தையில தமிழ்ப் பொம்பிளையள் முடிஞ்சு போயிட்டினமோ?"

எனக்கு நாக்கு நீளம். அந்த அம்மாவைப் பார்த்து ஒருத்தர் சிரித்தாலும் இனி இந்த மண்டபத்தின் படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெள்ளவத்தையில் எங்கள் கைக்கு எட்டும் மண்டபம் அது ஒன்றுதான் என்பது காலி வீதிக்கு வந்த பிறகே நினைவுக்கு வந்தது.

கடவத்தையில் ஒரு விசாரணை

எங்கள் குழுவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒருவர் வீட்டில் மற்றவர் போய் இரண்டு மூன்று நாள் தங்குவது. பிறகு அந்த வீட்டை அந்த வீட்டாருக்கே நடித்துக் காட்டுவது. வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால்தான் தேர்ச்சி. புத்தகத்தில் படித்த பண்பாட்டை வைத்துக்கொண்டு இந்தப் பரீட்சையில் ஒருவரும் தப்ப முடியாது.

நான் கடவத்தைக்குப் போனேன். முதல் நாள் காலையில் பாண் வாங்க ஒழுங்கையில் இறங்கினேன். பக்கத்து வீட்டுப் பெண் விளக்குமாற்றோடு நிமிர்ந்து, "கொஹெத யன்னே?" என்றாள். எங்கே போகிறீர்கள் என்று அர்த்தம். கடைக்கு என்றேன். நாலு வீடு தள்ளி ஒரு மனிசன் சைக்கிளைத் துடைத்தபடி அதையே கேட்டார். கடைக்கு என்று கொஞ்சம் இறுக்கமாகச் சொன்னேன்.

கடைவாசலில் சாரம் கட்டிய ஒரு பெரியவர் சிரித்த முகத்தோடு மூன்றாவது தடவை கேட்டார். என் கை தானாகக் கைப்பைக்குள் போய் அடையாள அட்டையைத் தேடத் தொடங்கிவிட்டது.

அந்த வார்த்தைகளை இப்படி அடுத்தடுத்து நான் முன்பு கேட்டது சோதனைச் சாவடிகளில். சாவடிகள் போய் எவ்வளவோ காலம். கைக்கு அது தெரியவில்லை. பெரியவர் பாவம், என் அட்டையைப் பார்த்து முழித்தார்.

வீட்டுக்கு வந்து சித்ராணியிடம் பொரிந்து தள்ளினேன். இது என்ன ஊர், இறங்கினால் விசாரணையா என்றேன். அவள் முதலில் சிரித்தாள். அட்டை எடுத்த கதையைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அது விசாரணை இல்லை என்று பிறகு மெதுவாக விளக்கினாள். எங்கள் ஆட்கள் சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல அவர்கள் அதைக் கேட்கிறார்கள். பதில் கூடத் தேவையில்லையாம். கண்ட முகத்தைக் காணாததுபோல் போகக் கூடாது, அதற்காக ஒரு வார்த்தை.

அடுத்த நாள் அந்தப் பெரியவர் கேட்டபோது நானும் சிரித்துக்கொண்டு பதில் சொன்னேன். மூன்றாம் நாள், உண்மையைச் சொல்வதென்றால், அவர் கேட்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

யூதாஸ் வீட்டு நெற்றி

ஜெரோமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பிள்ளை. துறைமுகத்தில் கப்பல் சாமான்களை விடுவித்துக் கொடுக்கும் வாஃப் கிளாக். கோவில் பங்கு மக்கள் போடும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகத்தில் வருஷக்கணக்காக யூதாஸ் வேடம் கட்டியவன். கொச்சிக்கடைச் சந்தியில் சிலர் இன்றைக்கும் அவனை யூதாஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவனும் திரும்பிப் பார்க்கிறான்.

சித்ராணியும் நானும் அவன் வீட்டில் ஒரு நாள் முழுக்க இருந்தோம். அவன் அம்மா அவன் வெளியே இறங்கும் ஒவ்வொரு முறையும் பெருவிரலால் அவன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார். வேலைக்குப் போகும்போது மட்டுமில்லை. முட்டை வாங்கப் போகும்போதும்தான். போட்டுக்கொண்டே எங்கே போகிறாய் என்றும் கேட்டார்.

எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. தமிழர் அப்படி வாசலில் வைத்துக் கேட்கிறதில்லையே என்று ஜெரோமிடம் சொன்னேன்.

"அக்கா, அது யாழ்ப்பாணத்துப் பழக்கம். எங்க அம்மாவும் தமிழ்தானே" என்றான். சொல்லிவிட்டு எனக்கு மீன் பொரியலை நகர்த்தி வைத்தான். வாயடைக்க வைப்பதில் அவனுக்கு ஒரு மரியாதை உண்டு.

அம்மாவை நடித்தவள்

பிறகு சித்ராணி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி. நானும் அம்மாவும் மட்டும்தான். ரயில் போனால் கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சமையல் இன்றுவரை அவர் கையில்தான். அதில் கை வைக்கப் போனால் பேச்சு விழும்.

அம்மா பல காலம் கொழும்பில் இருந்ததில் சிங்களம் நன்றாகவே பேசுவார். ஆனால் சித்ராணியோடு பிடிவாதமாகத் தமிழில்தான் கதைத்தார். நடிக்க வந்தவளுக்குக் காது பழக வேண்டுமாம். அவள் பிழைவிட்டால் திருத்தவில்லை, அதே வசனத்தைச் சரியாகத் தான் ஒருமுறை சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

கடைசி நாள் பின்னேரம் சித்ராணி எங்கள் வரவேற்பறையில் அம்மாவை நடித்துக் காட்டினாள். காஸ் அடுப்பின் குமிழைப் பூட்டிவிட்டு, மூன்று அடி போய், திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பது. தேத்தண்ணி ஆவியில் கண்ணாடி மங்கினால் கழற்றாமல் சேலைத் தலைப்பால் உள்ளே விட்டுத் துடைப்பது. லிஃப்ட் சத்தம் கேட்டால் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தி, எந்த மாடியில் நிற்கிறது என்று காது கொடுப்பது.

நான் சிரித்துப் புரண்டேன். அம்மா சிரிக்கவில்லை. கன்னத்தில் கை வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவள் என்னை வடிவாப் பாத்திருக்கிறாள்" என்றார் கடைசியில். அம்மாவின் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது. எனக்கே இத்தனை வருஷத்தில் ஒன்றிரண்டு தடவைதான் கிடைத்திருக்கிறது.

தூரமோ?

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் யாழ்ப்பாண ஆட்களிடம் ஒரு வழக்கம். ஒருவர் வெளியே புறப்படும்போது எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் பிழைத்துவிடும். கட்டாயம் கேட்க வேண்டுமென்றால் "தூரமோ?" என்பார்கள். போகிறவர் சொல்ல விரும்பினால் சொல்லுவார். யாராவது தெரியாமல் கேட்டுத் தொலைத்தால், போகிறவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்குவார்.

இந்த வழக்கத்தில் எனக்கு ஒரு பெருமை. எவ்வளவு நாகரிகமான கேள்வி, எவ்வளவு நாசூக்கு. ஆகவே என் நாடகத்தில் அம்மா ஒவ்வொரு முறையும் மகனிடம் தூரமோ என்றே கேட்பதாக எழுதியிருந்தேன். முதல் காட்சியிலும் அதுதான், சோதனைச் சாவடிகள் வந்த பிறகு நடக்கும் கடைசிக் காட்சியிலும் அதுதான்.

ஒத்திகையில் கடைசிக் காட்சிக்கு வந்தோம். ஜெரோம் சப்பாத்தைக் கட்டி எழும்பினான். சித்ராணி அவனைப் பார்த்து, "எங்க போறாய்?" என்றாள்.

நான் கையைத் தட்டி நிறுத்தினேன். கடவத்தை வாய்க்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன். எல்லோரையும் உட்கார வைத்து ஒரு நீண்ட பிரசங்கம் செய்தேன். எங்கட அம்மாமார் செத்தாலும் அப்படிக் கேட்க மாட்டினம், இந்த ஒரு சொல்லிலேயே மண்டபம் சிரித்துவிடும், அவள் யார் என்று தெரிந்துவிடும் என்றேன். கடைசிப் பகுதியைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவள் முகம் சுருங்கியது.

ஆனால் அவள் பின்வாங்கவில்லை.

"உங்கட அம்மா கேக்கிறா, அக்கா."

இல்லை என்றேன். அவள் எழும்பி வாசல் சட்டத்துக்குப் போனாள். என்னைப்போலவே கைப்பையைத் தோளில் மாட்டினாள். பிறகு மறுபக்கம் வந்து அம்மாவாக நின்றாள். எங்க போறாய், எத்தினை மணிக்கு வருவாய் என்று கேட்டாள். கேட்டுவிட்டு, சட்டென்று திரும்பி, இல்லாத மேசையிலிருந்து இல்லாத ஒரு டம்ளரை எடுத்து நீட்டினாள்.

"நீங்க குடிச்சிட்டுத்தான் போறீங்க. நான் இருந்த எல்லா நாளும்."

உண்மைதான். நான் வெளிக்கிடும்போது அம்மா தண்ணீர் தருவார். வாங்கிக் குடிப்பேன். கொழும்பு வெயிலுக்காகத் தருகிறார் என்றுதான் அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவர் கேட்கும் கேள்வியோ காதுக்குப் பழகிப் பழகி, விழுவதே நின்றுபோயிருந்தது. அன்றைய ஒத்திகையை அத்தோடு முடித்துக்கொண்டேன்.

அண்ணன் வராத நாள்

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். இதில் கேட்க என்ன இருக்கு என்பதுபோல் பார்த்தார். பிறகு, கொண்ணை வராத நாளை மறந்து போனியோ என்றார்.

மறக்கவில்லை. அண்ணன் அப்போது ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரு லீவு நாள் காலையில் அண்ணன் வெளிக்கிட்டான். அம்மா திருநீறு பூசிவிட்டார். வழக்கப்படி ஒன்றும் கேட்கவில்லை. அவனும் போயிட்டு வாறன் என்று சொல்லிப் போனான். அன்று வரவில்லை.

அம்மாவும் நானும் பொலிசுக்குப் போனோம். எந்தப் பொலிஸ் என்பதை விடுங்கள். மேசையில் இருந்தவர் கெட்ட மனிதர் இல்லை. எங்களை இருக்கச் சொன்னார். மகன் எங்கே போனார் என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். எங்கே போனான் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. தெரியாது என்று அம்மா சிங்களத்தில் சொன்னதும் அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். தாய்க்கே தெரியாது என்றால் எங்கே தேடுவது என்றார்.

கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, புதுக்கடை என்று தெரிந்த ஆட்களையெல்லாம் பிடித்து விசாரித்தோம். நண்பன் ஒருவனைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழியில் ஒரு சுற்றிவளைப்பில் அகப்பட்டிருக்கிறான். சில நாட்களில் விட்டுவிட்டார்கள். தாடியும் அழுக்குச் சேட்டுமாக வந்து வாசலில் நின்றான். இப்போது இலண்டனில் இருக்கிறான், பேரப்பிள்ளையும் கண்டுவிட்டான். ஆக, எங்கள் வீட்டுக் கதை நல்லபடியாக முடிந்த கதை. அந்த ஒழுங்கையிலேயே அப்படி முடியாத வீடுகள் இருந்தன.

"அண்டைக்குப் பிறகு கேக்காமல் விட ஏலுமே, பிள்ளை" என்றார் அம்மா. "ஆனால் கேட்டால் போற காரியம் பிழைக்கும். அதுதான் தண்ணி."

கறிவேப்பிலைக் காம்புகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

நான் அங்கேயே இருந்தேன். எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. வழக்கத்தை மீறவும் வேண்டும், மீறிய பிழையைத் தீர்க்கவும் வேண்டும். ஒருவரிடமும் ஆலோசனை கேட்காமல், ஒரு டம்ளர் தண்ணீரால் அம்மா அந்த இரண்டையும் செய்திருக்கிறார். அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பார்த்தேன். அந்த வருஷங்களில் கேட்கத் தொடங்கிய தாய்மார் ஒருவர் இருவர் அல்ல. சிலர் தண்ணீர் கொடுத்தார்கள், சிலர் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கேட்டார்கள். ஒவ்வொருவரும் தாங்கள் மட்டும்தான் இப்படிப் பிழை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பண்பாடு என்று நான் நாடகத்தில் எழுதி வைத்திருந்தது பழையது. வெள்ளவத்தைப் படிக்கட்டுகளில் அம்மாமார் உண்டாக்கியதைச் சித்ராணி பார்த்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை.

அடுத்த நாள் கடைசிக் காட்சியை மாற்றி எழுதினேன். முதல் காட்சியில் தூரமோ. கடைசிக் காட்சியில் எங்க போறாய், பிறகு தண்ணீர்.

சித்ராணிக்கு இப்போது பயம் வந்துவிட்டது. தான் பிழையாகச் சொல்லிவிட்டதாகச் சனம் நினைத்தால் என்ன செய்வது என்று கேட்டாள். தண்ணீரைக் கொடுக்கும்வரைக்கும் அவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள் என்றேன். அதுவரைக்கும் தாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

மறுபடியும் அந்த வாசல்

இதோ வந்துவிட்டேன். இடப்பக்கத் திரை, என் கையில் பாதிச் செம்பு.

ஜெரோம் சப்பாத்தைக் கட்டி எழும்பினான். சித்ராணி அவனுக்குத் திருநீறு பூசினாள். அவன் திரும்பினான். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அது என் அம்மாவின் விரல்.

"எங்க போறாய்?"

பின்வரிசையில் இளம் பெடியள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கூடவே இன்னொன்று. நிர்வாகக் குழுத் தலைவர் கட்டிய கையை அவிழ்த்து, என்னைத் தேடித் திரைப்பக்கம் திரும்பினார். சித்ராணியின் கழுத்து நரம்பு இழுபடுவது எனக்குத் தெரிந்தது. அந்தச் சிரிப்பை அவள் எத்தனையோ மண்டபங்களில் கேட்டிருப்பாள்.

அவள் அசையவில்லை. கேட்ட கேள்வியை விழுங்கவும் இல்லை. என் பக்கம் கையை நீட்டினாள். செம்பைக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து மகனிடம் நீட்டினாள். கேட்கக் கூடாததைக் கேட்ட தாய், கண்ணை உயர்த்தாமல் நின்றாள். ஜெரோம் கதிரையில் உட்கார்ந்து செம்பை அண்ணாந்து குடித்தான்.

சிரிப்பு நின்றது. கடலைச் சுருள் சத்தமும் நின்றது. மின்விசிறி மட்டும் சுற்றியது. இருட்டுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சேலைத் தலைப்புகள் முகத்துக்குப் போவது தெரிந்தது. அப்போது நடுவரிசை எங்கிருந்தோ ஒரு பெண்ணின் குரல் வந்தது. உரக்கச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எத்தினை மணிக்கு வருவாய் எண்டும் கேள், பிள்ளை."

அந்த வரி நாடகத்தில் இல்லை. நீளும் என்று நான் வெட்டியிருந்தேன். சித்ராணி குரல் வந்த பக்கம் திரும்பவில்லை. மகனைத்தான் பார்த்தாள்.

"எத்தினை மணிக்கு வருவாய்?"

ஜெரோமுக்கும் அந்த இடத்தில் வசனம் இல்லை. செம்பைத் திருப்பிக் கொடுத்தான்.

"ஆறு மணிக்குள்ள வந்திருவன் அம்மா."

அவன் சட்டத்தைத் தாண்டி வெளியே போனான். விளக்கு மெல்லக் குறைந்தது. கைதட்டல் உடனே வரவில்லை. வந்தபோது முதலில் எழும்பி நின்றவர்கள் பெண்கள்தான், அதிலும் வயதுபோன பெண்கள். என் வாழ்க்கையில் நாடகக்காரியாக நான் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. அதை இங்கே கூச்சமில்லாமல் எழுதி வைக்கிறேன்.

நிர்வாகக் குழுத் தலைவர் பின்னால் வந்தார். சித்ராணியைப் பார்த்தபடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, மண்டபம் அடுத்த தடவை எப்போது வேண்டும் என்று கேட்டார். கொட்டாஞ்சேனையில் போட்டபோது நெற்றியில் திருநீற்றுக்குப் பதிலாகச் சிலுவை வைத்தோம். அந்தச் சனம் அழுதது நாடகத்தின் வேறொரு இடத்தில். அது தனிக் கதை.

சாமான்களைக் கட்டி முடிக்க வெயில் சாய்ந்திருந்தது. மண்டபப் படியில் அம்மா எனக்காகக் காத்து நின்றார். சித்ராணி வேடம் கலைத்து, பழைய சுடிதாரோடு, தோளில் பையோடு வந்தாள். அம்மாவை வணங்கினாள். போயிட்டு வாறன் அம்மா என்று சொல்லிப் படியிறங்கினாள்.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரையும் அம்மா தூரமோ என்றுகூடக் கேட்காமல்தான் அனுப்புவார். ஊராருக்கு அந்த மரியாதை. கேட்கக் கூடாத அந்தக் கேள்வி வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். அண்ணனுக்கும் எனக்கும்.

"எங்க போறாய், பிள்ளை?" என்றார் அம்மா.

சித்ராணி படியில் நின்றுவிட்டாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கடவத்தைக்கு, வீட்டுக்கு என்றாள்.

அம்மா கைப்பையைத் திறந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். மூடியைத் திருகித் திறந்து நீட்டினார். காலி வீதி பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போக, சித்ராணி அந்தப் படியிலேயே உட்கார்ந்து, ஒரு மிடறு குடித்துவிட்டு எழும்பிப் போனாள்.